வண்டில் மாட்டோடு வழித்தங்கல்: தம்பலகாமம் முதல் வெருகல் வரை

தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் புறப்பட்டுக் கரையோரமாகக் கதிர்காமம் வரை நடந்து போகும் பாதயாத்திரையை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். போரால் நின்றுபோய் 1988 இல் மீண்டும் உயிர்பெற்ற அந்த யாத்திரையில் இன்றைக்குச் சாமான்கள் பெரும்பாலும் லாண்ட்மாஸ்டரிலோ வானிலோதான் வருகின்றன. நடக்கிறவர்கள் கோயில் மடங்களில் படுத்தெழும்புகிறார்கள். இந்த அத்தியாயம், கிடுகுக் கூடாரம் போட்ட வண்டிலில், சொந்த மாட்டோடு, அந்தப் பாதையின் திருகோணமலை மாவட்டத் துண்டை மட்டும் போய்ப் பார்க்க விரும்பும் சிறு குழுவுக்கானது. ஆறேழு பேர், ஒரு வண்டில், ஒரு சோடி மாடு. அதற்கு மேல் போனால் தங்குமிடம் கிடைப்பது கடினம்.

மனிதர் மட்டும் போகும் பயணத்தில் திட்டம் காலையிலிருந்து தொடங்கும்: எத்தனை மணிக்குப் புறப்படலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று கணக்குப் போடுவோம். மாட்டோடு போகும்போது திட்டத்தை இரவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். முதலில் தங்கலைத் தெரிவு செய்யுங்கள். அங்கே மாட்டுக்கு நல்ல தண்ணீரும், படுக்க ஈரமில்லாத மண்ணும், காலை ஒன்பது மணிக்குப் பிறகும் நிற்கக்கூடிய நிழலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் அது தங்கல். அன்றைய தூரம் அதிலிருந்துதான் வரும். ஒரு நாள் 15 கிலோமீற்றர் வரலாம், அடுத்த நாள் 8 தான் வரலாம். அந்த எட்டுக் கிலோமீற்றரைக் குறைவென்று எண்ணி அடுத்த ஊர் வரை இழுக்கிறவர்களின் மாடுதான் மூன்றாம் நாள் நுகத்துக்குக் கழுத்துக் கொடுக்க மறுக்கிறது.

எப்போது போவது

பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனிதான் வண்டில் பயணத்துக்கு நல்ல காலம். வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்திருக்கும், குளங்களில் தண்ணீர் நிற்கும், வயல் வெறும் தரையாகக் கிடக்கும், வைக்கோல் கேட்ட இடத்தில் கிடைக்கும். உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அறுத்த வயலிலேயே மாட்டை மேயக் கட்டலாம்.

பாதயாத்திரையோடு சேர்ந்தே போகவேண்டும் என்று நினைப்பவர்கள் ஆனி மாதத்தில் இந்தப் பக்கம் வருவார்கள். அது கச்சான் அடிக்கும் காலம். தென்மேற்கிலிருந்து மலையைத் தாண்டி வரும் அந்தக் காற்றில் ஈரம் இருக்காது. பகல் பதினொரு மணிக்கு மேல் அது மாட்டின் மூக்கையே காயவைத்துவிடும். சிறிய குளங்கள் வற்றியிருக்கும். நீர்ப்பாசனம் உள்ள இடங்களில் சிறுபோகம் பச்சையாக நிற்கும். பச்சை வயலுக்குப் பக்கத்தில் மாட்டை நீளக் கயிற்றில் கட்டுவது ஊரோடு பகை தேடுவதற்குச் சமம். ஆனியில்தான் போகிறீர்கள் என்றால் நாள்தூரத்தை மூன்றில் இரண்டாகக் குறையுங்கள், வைக்கோலைக் கையோடு கொண்டுபோங்கள். ஐப்பசி கடைசியிலிருந்து தை முடியும்வரை இந்தப் பாதையில் வண்டில் இறக்கவே வேண்டாம். மகாவலி பெருகினால் மூதூருக்கும் வெருகலுக்கும் இடைப்பட்ட தாழ்நிலம் தண்ணீருக்குள் போய்விடும்.

தண்ணீரும் தீனும்

வெயிலில் இழுக்கிற ஒரு நாட்டு மாடு நாளொன்றுக்கு 30 முதல் 40 லீற்றர் வரை குடிக்கும். சோடிக்கு 80 லீற்றர் என்று வையுங்கள். 20 லீற்றர்க் கான் இரண்டு கட்டிக்கொண்டு போனால் அது ஒரு மதியத்துக்குத்தான் ஆகும். ஆகவே கானில் உள்ளதை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, வழியில் கண்ட நல்ல தண்ணீரில் எல்லாம் குடிக்க விடுங்கள்.

எது நல்ல தண்ணீர் என்பதில் கவனம் தேவை. கிண்ணியா, உப்பாறு, மகாவலி கங்கைப் பக்கமெல்லாம் களப்பும் கடலும் உள்ளே ஏறிக் கிடக்கின்றன. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். கையில் அள்ளிச் சுவைத்துப் பார்க்காமல் மாட்டை இறக்க வேண்டாம். அதைவிட ஆபத்தானது வயலிலிருந்து வடிந்து வரும் வாய்க்கால். “எண்ணெய் அடிச்சு எத்தனை நாள்?” என்று வயற்காரரிடம் கேளுங்கள். பூச்சிமருந்து அடித்த வயலின் வடிநீரைக் குடித்த மாட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகும், உடல் நடுங்கும், மூச்சு முட்டும். மிருக வைத்தியர் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். ஒரு வாரத்துக்குள் அடித்திருந்தால் அந்த வாய்க்காலை விட்டுவிடுங்கள். வயலுக்குள் போகிற வாய்க்கால் பரவாயில்லை. வயலை விட்டு வெளியேறும் வாய்க்கால்தான் ஆகாது.

தீன் விஷயத்தில் ஒரு விதி போதும்: வீட்டில் தின்றதையே வழியிலும் கொடுங்கள். 250 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ அளவு உலர்தீன் வேண்டும். வைக்கோல் வயிற்றை நிரப்பும், வேலைக்கான தெம்பைத் தராது. மாலையில் ஒரு கிலோ புண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டோடு பிசைந்து, ஒரு கைப்பிடி உப்புப் போட்டுக் கொடுங்கள். புண்ணாக்கு எள்ளோ தேங்காயோ, மாடு பழகியது எதுவோ அது. புறப்படும் நாளில் புதிதாக ஒன்றைப் பழக்க வேண்டாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். அறுவடைக் காலத்தில் களத்துப் பக்கம் தங்கினால், இரவில் கயிறு அவிழ்ந்த மாடு நெற்குவியலில் வாய் வைத்துவிடும். வயிறு நிறைய நெல் தின்ற மாடு, இரைப்பைக்குள் எல்லாம் புளித்துப்போய் மறுநாளே படுத்துவிடும். தீன் கிடைத்ததே என்று சந்தோஷப்படுகிற விஷயமல்ல இது. உடனே மிருக வைத்தியரை அழைக்கவேண்டிய விஷயம்.

மாடு தின்றதும் வேலை முடிந்துவிடுவதில்லை. படுத்து அசைபோட்டால்தான் தின்றது உடம்பில் சேரும். அதற்கு நாளில் ஆறேழு மணித்தியாலம் போகும். நுகத்தின் கீழ் நிற்கும்போது அது சரியாக நடக்காது. காலையில் விடிந்ததும் பூட்டி ஒன்பது, ஒன்பதரைக்கு அவிழ்த்துவிட்டு, மாலை நான்குக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் மட்டும் போகச் சொல்வது இதனால்தான். நடுப்பகல் முழுக்க மாட்டுக்குரியது. நீங்கள் சமையுங்கள், தூங்குங்கள், கோயில் பாருங்கள். தின்று ஒரு மணித்தியாலம் கழிந்தும் மாடு அசைபோடாமல் தலை தொங்க நின்றால் அன்று அங்கேயே தங்கிவிடுங்கள்.

குதிரையோடு வரலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மேல்நாடுகளில் குதிரைக்காரர்களுக்கென்றே தனி முகாம்கள் உண்டு. அங்கே இரண்டு மரத்துக்கிடையே தலைக்கு மேலே கயிறு இழுத்து அதில் குதிரையைக் கட்டுவார்கள். நம் பக்கம் அப்படி ஒரு இடமும் இல்லை, குதிரைத் தீனும் இல்லை. குதிரைக்கு மாட்டைப்போல அசைபோடும் வயிறு கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கவேண்டும். தீன் மாறினால் வயிற்று நோவு வரும், வாந்தி எடுத்துத் தப்பவும் அதனால் முடியாது. வைக்கோலும் உமிகலந்த தவிடும்தான் கிடைக்கும் பாதையில் குதிரையைக் கொண்டுவருவது அதை வதைப்பதாகவே முடியும். இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய நாட்டு மாடு இருக்கும்போது அது தேவையுமில்லை.

வண்டிலும் சுமையும்

மனிதர், சாமான், தீன் எல்லாம் சேர்த்து 400 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். பிள்ளைகளும் முதியவர்களும் ஏறட்டும். மற்றவர்கள் நடக்கவேண்டும். சுமையில் பாரமானதை அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். முன்பாரம் கூடினால் நுகம் கழுத்தை அழுத்தும், பின்பாரம் கூடினால் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். பூட்டிய பிறகு நுகத்துக்கும் கழுத்துக்கும் இடையே கையை விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறை அவிழ்க்கும்போதும் கழுத்தைத் தடவிப் பாருங்கள். சூடாக, சற்று வீங்கித் தெரிந்தால் அது நாளைய புண். பழைய சாக்கை நாலாக மடித்து நுகத்தில் சுற்றலாம், ஆனால் உண்மையான வைத்தியம் ஒரு நாள் ஓய்வுதான்.

லாடத்தைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னரே அடித்துவிடுங்கள். குளம்புக்கு இரண்டாக மாட்டுக்கு எட்டு. அதில் ஒரு ஆணி தசையில் பட்டிருந்தாலும் அந்தப் பத்து நாளுக்குள் நொண்டிக் காட்டிவிடும். இன்று பாதையின் பெரும்பகுதி காப்பெற் வீதி. வண்டிலுக்கு அது சுகம், மாட்டின் காலுக்கு அப்படியல்ல. காலை எட்டரைக்கே சுடத் தொடங்கும். இடமிருக்கும்போதெல்லாம் வீதியோர மண்ணில் ஓட்டுங்கள். வண்டிலின் பின்புறத்தில் சிவப்பு ஒளிதெறிப்பான் தகடு இரண்டு அடியுங்கள். பேருந்துகளும் மணல் ரிப்பர்களும் ஓடும் வீதி இது. இருட்டில் வண்டில் ஓட்டவே கூடாது என்றாலும், மழையிலும் மங்கலிலும் அது உயிரைக் காக்கும்.

பத்திரங்கள் பற்றிச் சுருக்கமாக: மாடு உங்களுடையது என்பதற்கான பத்திரத்தைக் கையில் வையுங்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் மாடு கொண்டுபோவதற்கு அனுமதி வேண்டும். உங்கள் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கால்வாய் நோய்க்குத் தடுப்பூசி போட்டதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். நோய் பரவியிருக்கும் காலத்தில் அனுமதி கிடைக்காது. அப்போது பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

தங்கல்கள்

வண்டிலைத் திருகோணமலை நகருக்குள் கொண்டுவராதீர்கள். தம்பலகாமத்தில் நிறுத்துங்கள். ஆதி கோணேசர் கோயில் இருக்கும் ஊர், சுற்றிலும் நெல்வயல், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. இரண்டு பேர் மாட்டோடு நிற்க, மற்றவர்கள் பஸ்ஸேறிப் போய்க் கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்து வரலாம். மாடு புது இடத்துத் தண்ணீருக்குப் பழக அந்த ஒரு நாள் உதவும்.

முதல் நாள் பயணம் சீனக்குடாப் பக்கம் வந்து கிண்ணியாப் பாலத்தைக் கடப்பது. 2009 இல் திறந்த அந்தப் பாலம் 396 மீற்றர் நீளம். அதற்கு முன் இந்தக் கடவையைப் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறித்தான் தாண்டவேண்டியிருந்தது. பாதைக்குப் பழகிய மாடுகள் இருந்த காலம் அது. இன்றைய மாட்டுக்குப் பாலமே பயம். கைபிடிச் சுவருக்கப்பால் தண்ணீர் மினுங்குவதும், பாலத்தின் இணைப்பு இரும்பில் குளம்பு பட்டு ஒலிப்பதும் அதை நிறுத்திவிடும். வாகனம் குறைந்த நேரத்தில் போங்கள். எல்லோரும் இறங்கி நடக்க, ஓட்டுபவர் முன்னால் போய் நாணயக்கயிற்றைக் குட்டையாகப் பிடித்து நடத்தவேண்டும். துவரந்தடியைத் தொடவே வேண்டாம். பாலத்தின் நடுவில் அடிவாங்கிய மாடு அடுத்த பாலத்துக்கு ஏறாது. இந்தப் பாதையில் பாலங்கள் இன்னும் இருக்கின்றன.

கிண்ணியாவில் எருமைத் தயிர் வாங்குங்கள், குடிதண்ணீர் நிரப்புங்கள். வெள்ளிக்கிழமையானால் ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் வீதிகளில் வண்டிலை நிறுத்தி இடைஞ்சல் செய்யாதீர்கள். தங்குவதற்கு ஊருக்குச் சற்று வெளியே, தென்னந்தோட்டம் ஒன்றைக் கேட்டுப் பெறலாம். “காக்கா, மாடு ரெண்டு இருக்கு, ஒரு ராத்திரி கட்டலாமா?” என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் இடமும் கிணறும் கிடைக்கும். தென்னையின் நேர் கீழே மட்டும் கட்டாதீர்கள். கச்சானில் மட்டையும் குரும்பையும் விழும்.

கிண்ணியாவிலிருந்து மூதூர் வரையான துண்டில்தான் நல்ல தண்ணீர் அரிது. உப்பாற்றையும் கங்கையையும் தாண்டும்போது கானில் உள்ளதைக் கொடுத்துச் சமாளியுங்கள், மதிய ஓய்வை ஏதாவது ஒரு குடிமனையின் கிணற்றடியில் வையுங்கள். மூதூர் கொட்டியாரக்குடாவின் கரை. 1660 இல் ஆங்கிலக் கப்பலோட்டி ரொபர்ட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டது இந்தப் பக்கத்தில்தான். பாய்மரம் மாற்றக் கரையொதுங்கிய கப்பலில் வந்தவருக்குத் திரும்பிப் போக 19 ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

மூதூருக்குத் தெற்கே போகப் போக நிலம் மாறும். தோப்பூர், கிளிவெட்டி என்று அல்லைத் திட்ட வாய்க்கால்களின் வயல்நாடு. மாட்டுக்கு இந்தப் பயணத்தின் மிக நல்ல பகுதி இதுதான். இங்கே இரண்டு இரவு தங்குங்கள் என்பேன். கிளிவெட்டி போன்ற ஊர்களில் கோயில் வளவில் தங்க விரும்பினால் முதலில் வண்ணக்கரையோ பரிபாலன சபையையோ பார்த்துக் கேளுங்கள். மாட்டை உள்வீதியில் கட்டாமல் வெளியே மரத்தடியில் கட்டுங்கள். சாணத்தைக் காலையில் நீங்களே அள்ளி, ஊர்க்காரர் எருவுக்குக் கேட்டால் கொடுங்கள். சேருநுவரப் பக்கம் சிங்களக் கிராமங்கள். குழுவில் சிங்களம் பேசுகிற ஒருவர் இருப்பது நல்லது. வயல்காரனுக்கு வயல்காரன் என்ற முறையில் அங்கேயும் மாட்டைப் பார்த்துத்தான் பேச்சுத் தொடங்கும்.

சேருவில, ஈச்சிலம்பற்றுப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. ஐந்து மணிக்கே தங்கலில் இருங்கள். அன்று யானை எந்தப் பக்கம் வந்தது என்று ஊரில் கேட்டுவிட்டு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். கேட்காமல் காட்டோரத்திலோ குளக்கட்டிலோ தங்காதீர்கள். உப்பும் தவிடும் புண்ணாக்கும் மணக்கும் பொருட்கள். அவற்றை மூடி இறுக்கிய பரலில் வையுங்கள். இன்னொரு எச்சரிக்கை போரின் பின்விளைவு. மூதூர் கிழக்கு, சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல் எல்லாம் 2006 இலும் 2007 இலும் சண்டை நடந்து சனங்கள் இடம்பெயர்ந்த பகுதி. மாடு நிழலைத் தேடிப் பற்றைக்குள் போகும், நீங்கள் அதைத் தேடிப் போவீர்கள். மிதிவெடிப் பலகை கண்ட இடத்தை விட்டு விலகுங்கள், ஊர்க்காரர் புழங்காத பற்றைக்குள் மாட்டை மேய விடவேண்டாம், விறகுக்கும் போகவேண்டாம். சந்தேகமென்றால் கிராம சேவையாளரிடம் கேளுங்கள்.

இரவு

வண்டிலைக் காற்றுக்குக் குறுக்காக நிறுத்தி, மறைவுப் பக்கத்தில் மாட்டைக் கட்டுங்கள். சில்லுக்குக் கல் அண்டை கொடுங்கள். மாட்டுக்கு மாடு, கயிறு சிக்காத தூரம் இருக்கவேண்டும், ஆனால் ஒன்றையொன்று பார்க்கவேண்டும். பழகிய சோடி பிரிந்தால் இரண்டும் தூங்காது. அடுப்பைக் காற்று போகும் திசையில், வைக்கோலுக்குப் பதினைந்து இருபது அடி தள்ளிக் குழி தோண்டி மூட்டுங்கள். கச்சானில் ஒரு பொறி போதும். நுளம்புக்கு வேப்பிலைப் புகை போடுவது மாட்டுக்கும் உங்களுக்கும் ஆறுதல். அந்தப் புகைச்சட்டியையும் மண்ணில் புதைத்தபடி வையுங்கள். வைக்கோலை இருட்டில் வெறுங்கையால் அள்ளாதீர்கள். முத்திரைப் புடையன் எலியைத் தேடி அங்கேதான் வரும். ரோர்ச் அடித்து, தடியால் தட்டி, பிறகு அள்ளுங்கள். கூடாரத் துணி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வண்டிலின் துலாவில் தறப்பாளைக் கட்டி இறக்கினால் நாலு பேர் படுக்கலாம்.

ஆள்மாற்றிக் காவல் இருங்கள். காவல் இருப்பவர் தீயை மட்டும் பார்க்காமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாட்டிடம் போய்ப் பார்க்கவேண்டும்: படுத்திருக்கிறதா, அசைபோடுகிறதா, கயிறு காலில் சுற்றியிருக்கிறதா.

வெருகலில்

சித்திர வேலாயுத சுவாமி கோயிலும் ஆறும் பக்கம் பக்கமாக இருக்கும் ஊர் வெருகல். வண்டிலை அவிழ்த்ததும் மாட்டை ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டத் தோன்றும். வெருகலாற்றில் முதலை உண்டு. ஊர்க்காரர் மாடு கழுவும் துறை எது என்று கேட்டு, அங்கேயும் கரையில் நிறுத்தி வாளியால் ஊற்றுங்கள். இரண்டு இரவு கட்டாய ஓய்வு. முதல் நாள் மாலையில் குளம்பின் பிளவில் கல், முள் பார்த்து, கழுத்தைக் கழுவி, வேப்பெண்ணெய் தடவுங்கள்.

இரண்டாம் நாள் காலையில், சுமையில்லாமல் இருநூறு அடி தூரம் நடத்திப் பாருங்கள். இரண்டு மாடும் தலையை ஆட்டாமல், நான்கு காலையும் சமமாக வைத்து நடந்தால் கதிரவெளி, வாகரை என்று மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் போகலாம். அதற்கான தங்கல்கள் அடுத்த அத்தியாயத்தில். எப்படியும் ஒக்கந்தைக்கு அப்பால் குமண, யால தேசியப் பூங்காக்களுக்குள் வீட்டு விலங்கைக் கொண்டுபோக முடியாது. கதிர்காமம் வரை போகிறவர்கள் அங்கிருந்து நடந்துதான் போகவேண்டும். ஒரு மாடு சற்றே நொண்டினாலும் வெருகலிலேயே நின்றுவிட்டு லொறி பிடியுங்கள். மணல் மேடு ஒன்றில் லொறியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினால் ஏற்றுவது எளிது. தளத்தில் ஒரு அடி வைக்கோல் பரப்பி, சோடியைப் பிரிக்காமல், தலை முன்பக்கம் பார்க்க ஏற்றுங்கள்.